தேசியக் கணக்குகளைக் கொண்டு வளர்ச்சிக் கொள்கை வகுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு நாட்டின் உற்பத்தி, வருமானம், செலவு ஆகியவற்றைப் பதிவு செய்யும் தேசியக் கணக்குகளின் அடிப்படை விதி ஒன்றுதான். ஒருவர் செலவு இன்னொருவர் வரவு. அரசு கட்டும் பாலத்துக்கான பணம் ஒப்பந்தக்காரரின் வரவாகிறது. அவர் வாங்கும் இரும்பு ஆலையின் விற்பனையாகவோ வெளிநாட்டின் ஏற்றுமதியாகவோ பதிவாகிறது. அவர் தரும் கூலி ஏதோ ஒரு குடும்பத்தின் வருமானமாகிறது. ஆகவே வளர்ச்சித் திட்டத்தில் எந்த எண்ணைக் கண்டாலும் அதன் மறுபக்கம் எங்கே என்று தேட வேண்டும். மறுபக்கம் கிடைக்கவில்லை என்றால் அந்த எண் திட்டத்தில் இருக்கத் தகுதியற்றது.

இதற்கான உலகப் பொதுவிதிகள் தேசியக் கணக்கு முறைமை என்ற பெயரில் 1953, 1968, 1993, 2008 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. 2025 பதிப்பை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் அந்த ஆண்டு மார்ச் மாதம் ஏற்றது. பல நாடுகள் கணக்கைத் தயாரிக்கின்றன, வெளியிடுகின்றன, அதோடு நிறுத்திவிடுகின்றன. கொள்கை மேசைக்கு வந்து சேர்வது வளர்ச்சி விகிதம் மட்டும். அட்டவணைகள் புள்ளியியல் அலுவலகத்திலேயே தங்கிவிடுகின்றன. அவற்றை எடுத்துப் பயன்படுத்தும் முறையைக் கீழே படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"வேலைவாய்ப்பைப் பெருக்குவது எப்படி?" என்று கேட்டால் எந்த அட்டவணையும் பதில் சொல்லாது. "வீட்டு வசதிக்கு 100 கோடி கூடுதலாகச் செலவிட்டால் எவ்வளவு வருமானம் நாட்டுக்குள் தங்கும், எவ்வளவு இறக்குமதியாகக் கசியும்?" என்று கேட்டால் சொல்லும்.

எந்த அட்டவணையை எடுப்பது என்பதைக் கேள்விதான் முடிவு செய்கிறது. ஒரு பொருள் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அறிய வழங்கல்–பயன்பாட்டு அட்டவணை. ஒரு துறைக்குக் கொடுக்கும் ஊக்கம் மற்றத் துறைகளுக்கு எப்படிப் பரவுகிறது என்று அறிய உள்ளீடு–வெளியீடு அட்டவணை. வருமானம் எந்தக் குடும்பங்களின் கைக்குப் போகிறது என்று அறிய சமூகக் கணக்கு அணி. திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று அறிய துறைவாரிக் கணக்குகள்: அரசு, நிறுவனங்கள், குடும்பங்கள், வெளிநாடு. ஒரு கேள்விக்குத் தவறான அட்டவணையை எடுப்பதே மிகப் பரவலான பிழை. மொத்த உள்நாட்டு உற்பத்தியின் வளர்ச்சியை மட்டும் வைத்து வறுமையைப் பற்றி முடிவெடுப்பது அதற்கு நல்ல உதாரணம்.

படி 2: தரவின் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள்

எண்ணைத் தொடுமுன் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அடிப்படை ஆண்டு (விலைகளையும் துறைகளின் எடைகளையும் எந்த ஆண்டிலிருந்து எடுத்தார்கள் என்பது), விலை வகை, மதிப்பீட்டின் நிலை (முன்கூட்டிய மதிப்பீடா, திருத்தியதா, இறுதியா), வெளியான தேதி.

அடிப்படை ஆண்டு பழசானால் புதிய தொழில்கள் கணக்கில் சரியாகப் பிடிபடாது. நைஜீரியா 2014-இல் அடிப்படை ஆண்டை 1990-இலிருந்து 2010-க்கு மாற்றியபோது, 2013-ஆம் ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி மதிப்பு முந்தைய கணக்கைவிட 89 சதவீதம் உயர்ந்தது. தொலைத்தொடர்பு, திரைத்துறை போன்றவை பழைய எடைகளில் ஏறக்குறைய காணாமலே இருந்தன. நாடு ஒரே நாளில் பணக்கார நாடாகிவிடவில்லை. ஆனால் வரி வசூலையும் கடனையும் உற்பத்தியின் சதவீதமாகச் சொல்லும் எல்லா விகிதங்களும் ஒரே நாளில் விழுந்தன. கடன் விகிதம் குறைந்தது என்பதால் கூடுதல் கடன் வாங்கலாம் என்று அந்த நேரத்தில் முடிவெடுத்தால் அது ஆபத்து. கடனைத் திருப்பிக் கட்டுவது அரசின் வருவாய்; அந்த வருவாய் ஒரு காசும் கூடவில்லை.

விலை வகையிலும் குழப்பம் மலிந்திருக்கிறது. அடிப்படை விலை என்பது உற்பத்தியாளர் கையில் நிற்கும் தொகை. வாங்குவோர் விலையில் பொருள் மீதான வரியும், வணிக, போக்குவரத்து இலாபவிளிம்பும் சேரும். துறைவாரி மதிப்புக் கூட்டலை (உற்பத்தி மதிப்பிலிருந்து வாங்கிய பொருள்களின் செலவைக் கழித்தது) அடிப்படை விலையிலும் மொத்த உள்நாட்டு உற்பத்தியைச் சந்தை விலையிலும் எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், பங்குகளின் கூட்டல் 100 வராது.

உற்பத்தி வழிக் கணக்கும் செலவு வழிக் கணக்கும் தரும் தொகைகளுக்கு இடையே உள்ள முரண்பாட்டையும் பாருங்கள். அந்த இடைவெளி ஓராண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்கு மாறும் அளவு, வளர்ச்சியைவிடப் பெரிதாக இருந்தால், "தனியார் நுகர்வு வளர்ச்சியைத் தாங்கியது" போன்ற வாக்கியங்களை எழுதாதீர்கள்.

காலாண்டுக் கணக்குகளில் இன்னொரு பொறி இருக்கிறது. அமைப்புசாராத் தொழில்களுக்கு நேரடித் தரவு இல்லாததால், பதிவு பெற்ற நிறுவனங்களின் போக்கையே அவற்றுக்கும் ஏற்றிவிடுவது வழக்கம். சாதாரண காலத்தில் இது பெரும்பாலும் தாங்கும். சிறு தொழில்கள் அடிபட்டு, அவற்றின் சந்தையைப் பெரிய நிறுவனங்கள் பிடித்துக்கொள்ளும் காலத்தில், கணக்கு உண்மைக்கு நேர் எதிராகக் காட்டும். நலத்திட்டம் யாருக்கு என்ற முடிவு அந்த நேரத்தில்தான் எடுக்கப்படுகிறது என்பதால் இதைச் சிறு பிழை என்று விட்டுவிட முடியாது.

படி 3: ஒரு பொருளின் வரிசையைச் சமன் செய்து பாருங்கள்

வழங்கல்–பயன்பாட்டு அட்டவணையின் வரிசைகள் பொருள்கள், நெடுவரிசைகள் தொழில்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மொத்த வழங்கலும் மொத்தப் பயன்பாடும் சமமாக வேண்டும். இதை ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்கே கணக்கின் வலிமையும் ஓட்டையும் புரியும். சிமென்ட் வரிசையைக் கற்பனை எண்களோடு எடுத்துக்கொள்வோம், கோடிகளில்.

வழங்கல்: உள்நாட்டு உற்பத்தி 800, இறக்குமதி 200, பொருள் வரி 90, வணிக, போக்குவரத்து விளிம்பு 110. மொத்தம் 1,200.

பயன்பாடு: கட்டுமானத் தொழில் 1,050, குடும்பங்கள் நேரடியாக 20, ஏற்றுமதி 60, கையிருப்பு கூடியது 20. மொத்தம் 1,150.

50 கோடி சிமென்ட் வந்திருக்கிறது, ஆனால் போன இடம் தெரியவில்லை. அவசரப்பட்டுக் கையிருப்பில் சேர்த்துவிட்டால் வரிசை சமனாகும், விவரம் செத்துவிடும். மாறாக இப்படிக் கேளுங்கள். கட்டுமானத் தொழிலின் பதிவான உற்பத்தி 8,400 கோடி என்றால், சிமென்ட் அதில் 12.5 சதவீதம். அதே விகிதத்தில் 50 கோடி சிமென்ட் 400 கோடி மதிப்புள்ள கட்டுமானத்தைக் குறிக்கும். மக்கள் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகள் கணக்கில் விடுபட்டிருக்கலாம். மதிப்புக் கூட்டல் உற்பத்தியில் 35 சதவீதம் என்றால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 140 கோடி குறைவாகக் காட்டப்பட்டிருக்கிறது.

ஊகத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. செங்கல், கம்பி, மணல் வரிசைகளையும் பாருங்கள். அவற்றிலும் வழங்கல் மிஞ்சி நின்றால் கட்டுமானம் விடுபட்டது உறுதி. சிமென்டில் மட்டும் மிஞ்சினால் ஆலைகளின் உற்பத்தியைக் கூட்டி எழுதியிருக்கலாம், அல்லது ஏற்றுமதியைக் குறைத்து எழுதியிருக்கலாம். கொள்கைக்கு இதன் பொருள் பெரிது. முதல் நிலையில், வீட்டு வசதித் திட்டம் தொடங்குமுன்பே மக்கள் கணிசமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்; அவர்களுக்குத் தேவைப்படுவது கடன் வசதியாக இருக்கலாம், அரசு ஒப்பந்தம் அல்ல.

சமன் செய்யும்போது ஒரு விதி: எந்தக் கட்டத்தை மாற்றினாலும் நெடுவரிசையையும் பாருங்கள். கட்டுமானத்தின் சிமென்ட் செலவை மட்டும் 50 ஏற்றி உற்பத்தியை அப்படியே விட்டால், அந்தத் தொழிலின் மதிப்புக் கூட்டல் 50 குறையும். கூட வேண்டியது குறைந்துபோகும்.

படி 4: விலை மாற்றத்தின் விளைவை நீக்கும்போது இரு பக்கமும் நீக்குங்கள்

ஒரு தொழிற்சாலையின் உற்பத்தி 100, மூலப்பொருள் செலவு 60, மதிப்புக் கூட்டல் 40. அடுத்த ஆண்டு அதே அளவு பொருளை அதே அளவு மூலப்பொருளில் செய்கிறது. மூலப்பொருள் விலை மட்டும் 20 சதவீதம் சரிந்தது. செலவு இப்போது 48, மதிப்புக் கூட்டல் 52. உற்பத்திப் பொருளின் விலை மாறவில்லை என்பதால், அந்த விலைக் குறியீட்டை மட்டும் கொண்டு வகுத்தால் உண்மை வளர்ச்சி 30 சதவீதம் என்று வரும். உண்மையில் ஆலையில் எதுவும் கூடவில்லை. உற்பத்தியையும் மூலப்பொருளையும் தனித்தனியே அவற்றின் விலைக் குறியீட்டால் வகுத்துக் கழித்தால் வளர்ச்சி சுழியம் என்று சரியாக வரும்.

கச்சா எண்ணெய் விலை பெரிதாக ஏறியோ இறங்கியோ இருக்கும் ஆண்டுகளில், உங்கள் கணக்கு எந்த முறையில் தயாரானது என்று கேட்காமல் தொழில்துறை வளர்ச்சியைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம்.

படி 5: உள்ளீடு–வெளியீடு கணக்கைப் போடுங்கள், இறக்குமதியைப் பிரித்த பிறகு

இந்த முறையை உருவாக்கிய வாசிலி லியோன்டிஃப் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். கணக்கு எளிது. ஒவ்வொரு தொழிலும் 1 ரூபாய் உற்பத்திக்கு மற்றத் தொழில்களிடம் எவ்வளவு வாங்குகிறது என்பதைக் குணகங்களாக எழுதி, அலகு அணியிலிருந்து (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0 உள்ள சதுர அட்டவணை) அதைக் கழித்து, நேர்மாறு காண வேண்டும். எக்செல்லில் எம்இன்வெர்ஸ் (MINVERSE), எம்மல்ட் (MMULT) ஆகிய இரண்டு சார்புகளே போதும்.

பலர் சறுக்கும் இடம் குணகங்களில் இருக்கிறது. இரண்டு தொழில் மட்டுமுள்ள ஒரு பொருளாதாரத்தில் காட்டுகிறோம். வேளாண்மை 1 ரூபாய் உற்பத்திக்கு வேளாண் பொருள் 0.2, தொழிற்பொருள் 0.2 பயன்படுத்துகிறது, மதிப்புக் கூட்டல் 0.6. தொழில்துறை வேளாண் பொருள் 0.3, தொழிற்பொருள் 0.4 பயன்படுத்துகிறது, மதிப்புக் கூட்டல் 0.3. இந்தக் குணகங்களை அப்படியே போட்டு, தொழிற்பொருளுக்கு 100 கோடி புதிய தேவை வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தால் வேளாண் உற்பத்தி 71.4, தொழில் உற்பத்தி 190.5, ஆக மொத்தம் 262 கோடி. 100 போட்டால் 262 என்று அறிக்கையில் மின்னும்.

இப்போது இறக்குமதியைப் பிரியுங்கள். வேளாண்மை வாங்கும் தொழிற்பொருளில் பாதி வெளிநாட்டு உரம், ஆக உள்நாட்டுக் குணகம் 0.1. தொழில்துறை வாங்கும் வேளாண் பொருளில் 0.1 இறக்குமதி, உள்நாட்டுக்கு 0.2. அது வாங்கும் தொழிற்பொருளில் பாதி இறக்குமதி, உள்நாட்டுக்கு 0.2. மறுபடி கணக்கிட்டால் வேளாண்மை 32.3, தொழில்துறை 129.0, மொத்தம் 161 கோடி. ஏறத்தாழ 100 கோடி ஆவியாகிவிட்டது.

அதோடு நிற்காமல் உற்பத்தியை மதிப்புக் கூட்டலாக மாற்றுங்கள். உற்பத்தியில் இரட்டைக் கணக்கு இருக்கிறது. வருமானம் என்பது மதிப்புக் கூட்டல்தான். வேளாண்மையில் 19.4, தொழில்துறையில் 38.7, ஆக 58.1 கோடி. இறக்குமதி 41.9 கோடி. இரண்டையும் கூட்டினால் சரியாக 100. இந்தக் கூட்டல் ஒவ்வொரு முறையும் வர வேண்டும். பொருள் வரி இருந்தால் அதையும் சேர்த்துக் கூட்டுங்கள். வரவில்லை என்றால் குணகத்தில் பிழை இருக்கிறது, மேலே போகாதீர்கள். அமைச்சரவைக்குச் சொல்ல வேண்டிய எண் 58. 262-ம் அல்ல, 161-ம் அல்ல.

இறக்குமதியைப் பயன்படுத்துவோர் வாரியாகப் பிரித்த அட்டவணை பல நாடுகளில் கிடையாது. எல்லாப் பயனாளர்களும் ஒரே விகிதத்தில் இறக்குமதிப் பொருளை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வது குறுக்குவழி. இயந்திரங்களில் இது பெரிதும் தவறும், ஏனெனில் ஆலைகள் வாங்கும் இயந்திரமும் கடையில் விற்கும் மிக்சியும் ஒரே வகைப்பாட்டுக்குள் விழலாம். சுங்கத் தரவை மூலதனப் பொருள், இடைநிலைப் பொருள், நுகர்பொருள் என்று முதலில் பிரித்து, அதற்குள் மட்டும் விகிதத்தைப் பயன்படுத்துங்கள்.

வேலைவாய்ப்பு எண்ணை எடுக்கும்போது நிதானம் வேண்டும். கோடிக்கு இத்தனை பேர் என்பது சராசரி விகிதம். ஏற்கெனவே உள்ள ஆட்களே கூடுதல் நேரம் உழைத்தால் புதிய வேலை வராது. அதை உச்சவரம்பாக மட்டும் சொல்லுங்கள்.

படி 6: வருமானம் யார் வீட்டுக்குப் போகிறது

சமூகக் கணக்கு அணி ஒரு சதுர அட்டவணை. வரிசையில் வரவு, நெடுவரிசையில் செலவு. தொழில்கள், பொருள்கள், உழைப்பு, நிலம், மூலதனம், குடும்ப வகைகள், நிறுவனங்கள், அரசு, சேமிப்பு–முதலீடு, வெளிநாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. ஒவ்வொன்றின் வரவும் செலவும் சமம்.

குடும்பங்களை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் அணியின் உயிர் இருக்கிறது. வருமானப் படிநிலையில் மட்டும் ஐந்தாகப் பிரித்தால் போதாது. நிலமுள்ள உழவர், நிலமற்ற கூலித் தொழிலாளர், நகர்ப்புற அமைப்புசாராத் தொழிலாளர் என்று வருமானத்தின் மூலத்தை வைத்துப் பிரித்தால், நெல் விலையோ உர மானியமோ மாறும்போது யார் தாங்குவார், யார் தவிப்பார் என்று தெரியும்.

குடும்ப ஆய்வில் கிடைக்கும் மொத்த நுகர்வு பெரும்பாலும் தேசியக் கணக்கின் நுகர்வோடு பொருந்தாது. ஒரே எண்ணால் எல்லாக் குடும்பங்களையும் பெருக்கி இடைவெளியை அடைப்பது எளிது, தவறானதும்கூட. வாடகை, வட்டி, இலாபம் போன்ற வருமானம் மேல்தட்டில்தான் அதிகம் மறைக்கப்படுகிறது. எல்லோருக்கும் சமமாக ஏற்றினால் ஏழையின் வருமானம் காகிதத்தில் கூடிவிடும்.

சமன் செய்ய, வரிசையையும் நெடுவரிசையையும் மாறிமாறி விகிதத்தில் திருத்தும் ராஸ் (RAS) முறை பரவலாகப் பயன்படுகிறது. அது சுழியத்தைச் சுழியமாகவே விடும். மானியம் போன்ற எதிர்மறை எண்கள் இருந்தால் தடுமாறும். நம்பகமான எண்ணையும் நம்பத்தகாத எண்ணையும் ஒரே மாதிரி நெளிக்கும். அரசு வரவுசெலவுத் திட்டத்திலிருந்தும் சுங்கத்திலிருந்தும் வந்த எண்களை முதலில் பூட்டிவிட்டு, மற்றவற்றை மட்டும் நெகிழவிடுங்கள்.

இந்த அணியிலிருந்து பெருக்கியை (1 ரூபாய் கூடுதல் தேவை மொத்தத்தில் எவ்வளவாகப் பெருகுகிறது என்ற எண்) கணக்கிடும்போது அரசு, முதலீடு, வெளிநாடு ஆகிய மூன்றையும் வெளியே வைப்பது வழக்கம். கூடவே, தேவை கூடினாலும் உடனே உற்பத்தியைக் கூட்ட முடியாத தொழில்களையும் குறித்துவையுங்கள். நிலமும் நீரும் எல்லையில் நிற்கும்போது கூடுதல் பணம் அரிசி உற்பத்தியைக் கூட்டாது, விலையைக் கூட்டும். சாதாரணப் பெருக்கி இதை அறியாது. அந்தத் தொழில்களின் உற்பத்தியை நிலையாக வைத்துக் கணக்கிட்டால் பெருக்கி பெரிதும் சுருங்கும். அந்தச் சுருங்கிய எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

படி 7: திட்டத்துக்குப் பணம் எங்கே என்று கேளுங்கள்

அரசின் சேமிப்பு கழித்தல் முதலீடு, தனியாரின் சேமிப்பு கழித்தல் முதலீடு, இரண்டையும் கூட்டினால் நடப்புக் கணக்கு நிலுவை, அதாவது வெளிநாடுகளோடு நாட்டின் வரவு செலவு நிலுவை, வரும். இது கோட்பாடு அல்ல, கணக்கு விதி. இதிலிருந்து தப்ப எந்தத் திட்டத்துக்கும் வழியில்லை.

இன்று அரசின் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம், தனியார் உபரி 3 சதவீதம், நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் அரசின் பற்றாக்குறையை 3 ஆகக் குறைக்கும், தனியார் முதலீட்டை 4 புள்ளிகள் உயர்த்தும், நடப்புக் கணக்குப் பற்றாக்குறையை 2 ஆகக் குறைக்கும் என்று மூன்று அத்தியாயங்களில் தனித்தனியே எழுதியிருக்கிறது. தனியார் சேமிப்பு மாறாவிட்டால் தனியார் பக்கம் 1 பற்றாக்குறையாகும். 3-ஐயும் 1-ஐயும் கூட்டினால் 4. அத்தியாயங்கள் சொல்லும் 2 வர வேண்டுமென்றால் தனியார் சேமிப்பு 2 புள்ளிகள் உயர வேண்டும். அது எப்படி உயரும் என்று யாரும் எழுதவில்லை என்றால் திட்டம் முடியவில்லை என்று பொருள். பத்து நிமிடக் கணக்கில் இவ்வளவு பெரிய ஓட்டை அகப்படும்.

படி 8: உற்பத்தி வேறு, நமக்கு மிஞ்சுவது வேறு

அயர்லாந்தின் 2015 உற்பத்தி வளர்ச்சி சுமார் 26 சதவீதம் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அங்கே மாற்றியதே முக்கியக் காரணம். மக்களின் வருமானம் அந்த அளவில் கூடவில்லை. அதன்பின் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் திருத்திய மொத்த தேசிய வருமானம் என்ற தனி அளவையே வெளியிடத் தொடங்கியது. அந்நிய நிறுவனங்களின் இலாபம் வெளியேறும் நாட்டில் தேசிய வருமானத்தையும், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் முக்கியமான நாட்டில் செலவிடத்தக்க தேசிய வருமானத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கம், மீன்பிடி, காடு ஆகியவற்றை நம்பிய நாடுகளுக்கு இன்னொன்று. தாது தீர்ந்துபோவதை மொத்த உற்பத்தி காட்டாது. சுற்றுச்சூழல்–பொருளாதாரக் கணக்கு முறைமை 2012-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. 2025 தேசியக் கணக்கு முறைமை இயற்கை வளத் தேய்வை உற்பத்திச் செலவாகவே கழிக்கச் சொல்கிறது. தேய்வைக் கழித்த நிகர எண் கிடைக்கும்வரை, சுரங்க வருவாயை நிரந்தர வருமானமாக நினைத்துச் சம்பளச் செலவை ஏற்றாதீர்கள்.

படி 9: கொள்கைக் குறிப்பை எழுதும் முறை

ஒற்றை எண்ணைத் தராமல் வீச்சைத் தாருங்கள். படி 5-இல் கண்ட உதாரணத்தில் இறக்குமதிப் பங்கை இருபுறமும் 10 புள்ளிகள் மாற்றி மறுபடி ஓட்டினால் வீச்சு தானாக வரும். எந்த ஆண்டின் அட்டவணை, எந்தப் பதிப்பு, எந்தக் கட்டங்கள் ஊகம், எவை நேரடித் தரவு என்பதைக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஐந்தாண்டுப் பழைய குணகத்தைப் பயன்படுத்தினால், இடையில் எரிபொருள் விலையோ தொழில்நுட்பமோ மாறிய துறைகளையாவது புதிய நிறுவன ஆய்வைக் கொண்டு திருத்துங்கள். மின்சாரமும் போக்குவரத்தும் அந்தப் பட்டியலில் முதலில் வரும்.

பயன்படுத்திய கோப்பை அப்படியே தேதியிட்டு வைத்துவிடுங்கள். கணக்கு திருத்தப்படும்போது பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். முடிவு மாறியது கொள்கையாலா, திருத்தத்தாலா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும். பழைய கோப்பு இல்லை என்றால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.